பயாஸைக் குறைச்சும் சூடு குறையல: வீட்டுல கட்டின ட்யூப் ஆம்ப்பும் வெந்துபோன ட்ரான்ஸ்ஃபார்மரும்

அந்த வாசனை எனக்கு சின்ன வயசுலேருந்தே தெரியும். கோயம்புத்தூர்ல நாங்க குடியிருந்த தெருவுல ரெண்டு மோட்டார் வைண்டிங் கடை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காயில எல்லாம் வார்னிஷ்ல முக்கி வெளியில தொங்க விட்டிருப்பாங்க, அந்த வாசனை மூக்குல ஏறிக்கும். போன வருஷம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு மாடி ரூம்ல கிட்டார் வாசிச்சிட்டிருக்கேன், அதே வாசனை வருது. தெருவுல கடை எப்பவோ சாத்திட்டாங்க. குனிஞ்சு ஆம்ப் பின்னாடி கையை வெச்சேன், பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் மேல ஒரு செகண்ட் கூட கை வைக்க முடியல.

அது நானே கட்டின ஆம்ப். ஆறு மாசம், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா உக்காந்து சால்டர் பண்ணது. சர்க்யூட் என்னவோ புதுசு இல்ல, 1950கள் கடைசியில ஃபெண்டர் செஞ்ச பாஸ்மேன் 5எஃப்6-ஏ ஆம்ப், அதை வெச்சு 1962-63 வாக்குல லண்டன்ல ஜிம் மார்ஷல் கடையில கட்டின ஜேடிஎம்45, அந்தக் குடும்பம். முன்னாடி ப்ரீஆம்ப்ல மூணு 12ஏஎக்ஸ்7 ட்யூப் (வால்வு), பின்னாடி ரெண்டு பவர் ட்யூப், ஏசியை டிசி ஆக்கற ரெக்டிஃபயருக்கு ஜிசெட்34. இந்த சர்க்யூட்டைப் பத்தி எழுதினவங்க ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா அமெரிக்காவுல 60 சைக்கிள்லயும் இங்கிலாந்துல அவங்க ஊர் கரண்ட்லயும் ஓடினதை நம்ம ஊரு ராத்திரி வோல்டேஜ்ல ஓட்டினா என்ன ஆகும்னு நான் பட்டுத்தான் தெரிஞ்சுகிட்டேன், அதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

ட்ரான்ஸ்ஃபார்மரை வெளிநாட்டுலேருந்து வரவழைச்சா இரும்பு வெயிட்டுக்கே கூரியர் காசு எகிறிடும், நம்ம ஊர்ல கட்டிக்கிறதுதான் நியாயம்னு தோணுச்சு. வைண்டிங் கடை அண்ணன்கிட்ட ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தேன். பிரைமரி 220 வோல்ட், செகண்டரி 325-0-325, 150 மில்லி ஆம்பியர், ஹீட்டருக்கு (ட்யூபை உள்ளேருந்து சூடாக்கற கம்பி) 6.3 வோல்ட் 3 ஆம்பியர், ரெக்டிஃபயருக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர், பயாஸுக்கு (சும்மா இருக்கும்போது பவர் ட்யூப்ல எவ்வளவு கரண்ட் ஓடணும்னு தீர்மானிக்கற மைனஸ் வோல்டேஜ்) தனியா ஒரு 50 வோல்ட் டேப். அந்த சீட்டுல ரெண்டு தப்பு இருந்துச்சு, ரெண்டும் என்னோடது. அவர் எழுதினதை அப்படியே கட்டிக் குடுத்தார், சுத்தமான வேலை.

முதல்ல 6எல்6ஜிசி போட்டுத்தான் ஓட்டினேன். நல்லா இருந்துச்சு, ட்ரான்ஸ்ஃபார்மர் சூடாகும், ஆனா கை வைக்கலாம். நாலு மாசம் கழிச்சு ஈஎல்34 மேல ஆசை வந்துச்சு, அந்த நடுச் சுருதியில வர்ற முறுக்கு எனக்கு வேணும்னு. சாக்கெட் அதே எட்டுப் பின் ஆக்டல்தான், மாத்தும்போது கவனிக்க வேண்டியது 1-ஆம் பின். 6எல்6ஜிசியில அந்தப் பின்னுக்கு வேலை இல்ல, ஈஎல்34-ல அது சப்ரஸர் கிரிட் (ட்யூபுக்குள்ள இருக்கற ஒரு வலை), அதை 8-ஆம் பின் கேத்தோடோட (எலக்ட்ரான் கிளம்பற முனை) சேர்த்துக் கட்டணும். அதைக் கட்டினேன். ஸ்க்ரீன் (ட்யூபுக்குள்ள இன்னொரு வலை) ரெசிஸ்டர் 470 ஓம் இருந்ததை 1 கே 5 வாட் ஆக்கினேன். பயாஸ் புதுசா செட் பண்ணேன். எல்லாம் சரின்னு நெனச்சேன், ஹீட்டர் கரண்ட்டை மட்டும் பார்க்கல.

பயாஸ் எப்படி அளக்கறேன்னு சொல்லிடறேன், புதுசா கட்டறவங்களுக்கு உதவும். ஒவ்வொரு பவர் ட்யூபோட கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் ஒண்ணு. அதுக்கு மேல மீட்டர்ல எத்தனை மில்லி வோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். பிளேட் (எலக்ட்ரான் போய்ச் சேர்ற முனை) பக்கம் 400 வோல்ட்டுக்கு மேல இருக்கும், அங்க கையை நீட்ட வேண்டியதில்ல, இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ரெண்டு ரெசிஸ்டரை யாரும் விடக் கூடாதுன்னு சொல்லுவேன். ஆனா அதுல வர்றது கேத்தோடு கரண்ட், பிளேட் கரண்ட்டும் ஸ்க்ரீன் கரண்ட்டும் சேர்ந்தது. ஈஎல்34-ல ஸ்க்ரீன் கொஞ்சம் அதிகமாவே இழுக்கும், பத்துலேருந்து பதினைஞ்சு சதவீதம் கழிச்சுத்தான் பிளேட்டுக்குக் கணக்குப் போடணும். ஈஎல்34-க்கு பிளேட் தாங்கற வரம்பு 25 வாட், ஃபிக்ஸட் பயாஸ் ஏபி கிளாஸ்ல அதுல 70 சதவீதம், அதாவது 17.5 வாட்டைத் தாண்டாம வைக்கறது வழக்கம். நான் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் செட் பண்ணேன், பி-ப்ளஸ் (பிளேட்டுக்குப் போற டிசி ஹை வோல்டேஜ்) 437 வோல்ட், மீட்டர்ல 42 மில்லி வோல்ட், ஸ்க்ரீன் போக பிளேட்டுக்கு 37 மில்லி ஆம்பியர், பெருக்கினா 16 வாட் சொச்சம். கணக்கு சுத்தம். அப்புறம் மூணாவது வாரம் அந்த வாசனை.

எனக்கு முதல்ல தோணினது எல்லாருக்கும் தோணறதுதான், பயாஸ் சூடா இருக்கு, குறைச்சா சரியாயிடும்னு. அன்னிக்கு ராத்திரியே திரும்ப அளந்தேன். 42 இருந்தது 49 ஆகி நிக்குது, பி-ப்ளஸ் 470. பிளேட்டுக்கு 43 மில்லி ஆம்பியர்னு வெச்சா 20 வாட், எண்பது சதவீதம். ட்யூப் ஏதோ கட்டு மீறிப் போச்சுன்னு நெனச்சு பயாஸ் பாட்டை (பயாஸைக் கூட்டிக் குறைக்கற திருகு) திருப்பினேன், 39, 35, 30, 25 வரைக்கும் இறக்கினேன். 25-ல சவுண்டு காய்ஞ்சு போச்சு, மெதுவா வாசிச்சா நோட்டோட வால்ல ஒரு கரகரப்பு, கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன். ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் அதே சூடு. ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியல. ஏன் குறையலன்னு ராத்திரி முழுக்க தூக்கம் வரல.

மறுநாள் ஆபீஸ் பஸ்ல ஒரு பேப்பர்ல ஒவ்வொரு வாட்டும் எங்க போகுதுன்னு எழுதினேன். ரெண்டு பவர் ட்யூபும் சேர்ந்து 98 மில்லி ஆம்பியர், ப்ரீஆம்ப் ஒரு ஏழெட்டு, மொத்தம் 105 மில்லி ஆம்பியர் போல, அதை 470-ஆல பெருக்கினா 49 வாட். சரி. ஹீட்டர் பக்கம் வந்தேன். ஈஎல்34 ஒண்ணுக்கு ஹீட்டர் 1.5 ஆம்பியர். ரெண்டுக்கு 3. மூணு 12ஏஎக்ஸ்7-க்கு 0.9. மொத்தம் 3.9 ஆம்பியர். நான் கட்டச் சொன்னது 3 ஆம்பியர் வைண்டிங். 6எல்6ஜிசி ஒண்ணுக்கு 0.9 தான், அப்ப மொத்தம் 2.7, அதனாலதான் நாலு மாசம் பிரச்சினை இல்லாம ஓடுச்சு. ஹீட்டரும் ரெக்டிஃபயரும் சேர்ந்து 37 வாட் கிட்ட, நான் ஒரு ஸ்ட்ரிங்கைக் கூட தட்டாம சும்மா உக்காந்திருக்கும்போதே. பயாஸை ட்யூபுக்கு 10 மில்லி ஆம்பியர் குறைச்சா மிச்சமாகறது 9 வாட் சொச்சம்தான். நான் சவுண்டைக் கெடுத்துக்கிட்டு ஒன்பது வாட்டைத் துரத்திட்டிருந்தேன், வேற இடத்துல கம்பி வெந்துட்டிருந்துச்சு.

அதுவும் கம்பியோட சூடு கரண்ட் கூடற அளவுக்கு நேரா கூடறதில்ல, அதோட வர்க்கத்துக்குக் கூடும். 3-க்கு 3.9, அதாவது 1.3 மடங்கு, வர்க்கம் 1.69. அந்த ஒரு வைண்டிங்ல மட்டும் சூடு எழுபது சதவீதம் கூட. ட்யூப் மாத்தறவங்க எல்லாரும் பயாஸைப் பேசறாங்க, இம்பீடன்ஸைப் பேசறாங்க, ஹீட்டர் கரண்ட்டை யாரும் பேசறதே இல்ல. டேட்டா ஷீட்ல முதல் வரியில இருக்கறது அது.

இங்க இன்னொண்ணு சொல்லணும், என்னை நல்லா ஏமாத்தினது இதுதான். ட்யூப் மாத்தின அன்னிக்கே நான் ஹீட்டர் வோல்டேஜ் அளந்தேன், அளக்காம இல்ல. 6.8 வந்துச்சு. 6.3-க்கு பத்து சதவீதம் வரை போகலாம், 6.9 வரை சரின்னு விட்டுட்டேன். ஓவர்லோட் ஆன வைண்டிங்ல வோல்டேஜ் இறங்கித்தானே இருக்கணும், ஏறி இருக்கேன்னு அப்ப யோசிக்கல. சுவர்ல வர்ற வோல்டேஜ் அதிகமா இருந்து அதை மேல தூக்கிட்டிருந்துச்சு, ஓவர்லோட் அதைக் கீழ இழுத்துட்டிருந்துச்சு, ரெண்டு தப்பும் ஒண்ணை ஒண்ணு மறைச்சு மீட்டர்ல ஒரு நல்ல நம்பரைக் காட்டுச்சு.

அப்பதான் பிளக் பாயிண்ட்ல மீட்டரை வெச்சேன். எங்க வீட்டுல மத்தியானம் 228, ராத்திரி பத்து மணிக்கு மேல பக்கத்துல இருக்கற பட்டறை எல்லாம் நின்னதும் 246. நான் கட்டச் சொன்னது 220. 246-ஐ 220-ஆல வகுத்தா 1.118, எல்லா வைண்டிங்லயும் பன்னெண்டு சதவீதம் கூட. மத்தியானம் 437 இருந்த பி-ப்ளஸ் ராத்திரி 470 ஆனதுக்கும், 42 இருந்த பயாஸ் 49 ஆனதுக்கும் காரணம் ட்யூப் கட்டு மீறிப் போனது இல்ல, சுவர் வோல்டேஜ்தான். பயாஸ் வோல்டேஜும் அதே ட்ரான்ஸ்ஃபார்மர்லேருந்து வர்றதால அதுவும் கொஞ்சம் மைனஸ் பக்கம் ஏறி ஓரளவு ஈடு கட்டும், முழுசா கட்டாது.

சனிக்கிழமை எல்லா ட்யூபையும் கழட்டிட்டேன், ரெக்டிஃபயரும் சேர்த்து. வெறும் ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரு லோடும் இல்ல. பிரைமரியோட சீரீஸ்ல மீட்டரை ஏசி கரண்ட்ல வெச்சு (பிளக்கைப் புடுங்கின பிறகு கனெக்ஷன் குடுத்து, க்ளிப் எல்லாம் மூடி, அப்புறம்தான் சுவிட்ச் போட்டேன், இதுல அவசரம் கூடாது) மத்தியானம் அளந்தா 95 மில்லி ஆம்பியர். ராத்திரி 246-ல அதே இடத்துல 210. வோல்டேஜ் எட்டு சதவீதம் கூடினதுக்கு கரண்ட் ரெண்டு மடங்குக்கு மேல. காதை கிட்டக் கொண்டு போனா உர்ர்னு ஒரு முரட்டுச் சத்தம், மத்தியானம் இல்லாதது. இரும்பு சாச்சுரேஷன் பக்கம் போயிடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல காந்தம் ஏத்துறதுக்கு இரும்பு ஒத்துழைக்காது, கரண்ட்டை மட்டும் இழுத்து இழுத்து கம்பியைச் சுட வைக்கும். லோடே இல்லாம ஒரு மணி நேரம் விட்டதுல வெதுவெதுப்பைத் தாண்டிடுச்சு.

கையால தொட்டுப் பார்த்து சூடுன்னு சொல்றது பத்தாது, உள்ள எவ்வளவு சூடுன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. செம்பு சூடாக ஆக அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறும். காலையில ஆம்ப் நல்லா ஆறியிருக்கும்போது பிளக்கை சுவர்லேருந்து எடுத்துட்டு, ஆம்ப் சுவிட்சை ஆன்ல வெச்சு, பிளக்கோட ரெண்டு பின்னுக்கும் நடுவுல ஓம் அளந்தேன். மீட்டர் ஒயரோட ரெசிஸ்டன்ஸ் கழிச்சு 5.2 ஓம், ரூம் 30 டிகிரி. ட்யூபை எல்லாம் திரும்பப் போட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைப் புடுங்கி உடனே அளந்தேன், 6.5 ஓம். ஏறினது 25 சதவீதம். அதை 234.5-ஓட ரூம் டிகிரியைக் கூட்டி பெருக்கணும், 264.5-ல கால் பங்கு 66. ரூம் 30 சேர்த்தா 96 டிகிரி. அதுவும் பிரைமரியோட சராசரி, ஓவர்லோட் ஆன ஹீட்டர் வைண்டிங் அதுக்கு மேல இருந்திருக்கும். பழைய மாதிரி பேப்பர், வார்னிஷ் இன்சுலேஷனுக்கு வரம்பே 105 தான். 0.1 ஓம் தப்பாப் படிச்சாலே அஞ்சு டிகிரி மாறிடும், அதனால நாலஞ்சு தடவை அளந்து பார்த்துத்தான் நம்பினேன்.

திங்கக்கிழமை அதைக் கழட்டிப் பையில போட்டு அண்ணன் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அவர் ஒண்ணும் கேக்கல, மொதல்ல மோந்து பார்த்தார். அப்புறம் வெளிச் சுத்துல இருந்த பேப்பரை நகத்தால கிளப்பினார். ஹீட்டர் வைண்டிங்தான் எல்லாத்துக்கும் மேல இருந்துச்சு, அதுக்கு அடியில இருந்த மஞ்சள் பேப்பர் காப்பித்தூள் கலர்ல நொறுங்கி அவர் விரல்ல ஒட்டிக்கிச்சு.

"ஏனுங்க தம்பி, 3 ஆம்பியர்னு தானுங்க எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமாங்ணா. வால்வு மாத்திட்டேன். இப்ப 3.9 இழுக்குது."

"பதினெட்டு கேஜ்ல சுத்தினதுங்க இது. 3-க்கு அது கரெக்ட்டு. நாலுக்கு ஓட்டறதுன்னா சொல்லியிருக்கோணும்ல. அதுசரி, 220-ன்னு எதுக்குப் போட்டீங்க? நம்ம ஊர்ல எங்கீங்க 220 வருது?"

எனக்குப் பதில் இல்ல. ஏதோ ஒரு பழைய வரைபடத்துல 220ன்னு பார்த்தது மனசுல நின்னு போச்சு, என் வீட்டுச் சுவர்ல என்ன வருதுன்னு ஒரு தடவை அளந்திருந்தா எழுதியிருக்கவே மாட்டேன். அவர் கடையில இருந்த வேரியாக்ல (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கற பெட்டி) மாட்டி மெதுவா ஏத்திக் காட்டினார், 225 வரைக்கும் அமைதி, 235 தாண்டினதும் சத்தம், 245-ல ஸ்டாம்பிங் (உள்ள அடுக்கியிருக்கற இரும்புத் தகடு) அதிருது. விரலை வெச்சாத் தெரியுது.

அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து கணக்குப் போட்டோம், அவர் பழைய காலண்டர் பின்பக்கத்துல. பழசுல தகட்டோட நடு நாக்கு ஒன்றரை இன்ச், அடுக்கு ரெண்டு இன்ச், வோல்ட்டுக்கு 1.8 டர்ன் (சுத்து). 246-ல இரும்புல காந்த அடர்த்தி 1.5 டெஸ்லா வருது, அவர் போட்ட ஸ்டாம்பிங்குக்கு அது ஜாஸ்தி. டர்னைக் கூட்டலாம்னு பார்த்தா விண்டோல (கம்பி உக்கார்ற இடைவெளி) இடம் இல்ல, தடிமனான கம்பி வேற வேணும். அதனால அடுக்கை ரெண்டரை இன்ச் ஆக்கினார். இரும்பு கூடினதும் வோல்ட்டுக்கு 1.7 டர்னே போதும், 240-க்கு 408 டர்ன், 246 வந்தாலும் 1.2 டெஸ்லாவுக்குள்ள நிக்கும். டர்ன் ஏறக்குறைய பழைய எண்ணிக்கைதான், சுத்தற விண்டோவும் அதேதான், ஹை வோல்டேஜ் லேயர்ல கொஞ்சம் நெருக்கிச் சுத்தினா ஹீட்டருக்கு 16 கேஜ் உக்காந்துடும்னு சொன்னார். 6.3-க்கு பதினோரு சுத்து, 5 ஆம்பியர் வரைக்கும் தாங்கும். ஹை வோல்டேஜையும் 150-லேருந்து 200 மில்லி ஆம்பியர் ஆக்கச் சொன்னேன், ஏன்னா ஐடில்ல 105 இருந்தாலும் ஃபுல்லா முறுக்கி வாசிக்கும்போது ரெண்டு ஈஎல்34 அதுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் கேக்கும். கம்பி வந்து சுத்தி, வார்னிஷ் காய, பத்து நாள் ஆகும்னார்.

அந்தப் பத்து நாள் சும்மா இருக்க முடியல. அண்ணன் என்னோட பழைய ட்ரான்ஸ்ஃபார்மரையே வெளிச் சுத்து மட்டும் பிரிச்சு புது பேப்பர் போட்டு தற்காலிகமா சுத்திக் குடுத்தார், அதை வெச்சு 6எல்6 போட்டு ஓட்டினேன், சுவர் வோல்டேஜுக்கு மட்டும் ஒரு வேலை செஞ்சேன். சாதாரண 12 வோல்ட் 2 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு எடுத்து, அதோட பிரைமரியை மெயின்ஸ்ல குடுத்து, 12 வோல்ட் பக்கத்தை ஆம்ப்புக்குப் போற லைனோட சீரீஸ்ல எதிர்ப்பக்கமா சேர்த்தா, சுவர்ல 246 வந்தா ஆம்ப்புக்கு 234 போகும். ஆம்ப் இழுக்கற கரண்ட் ஒரு ஆம்பியருக்குள்ளதான், 2 ஆம்பியர் வைண்டிங் தாராளம். தலைகீழா சேர்த்துட்டா 258 ஆயிடும், அதனால ஆம்ப்பை மாட்டறதுக்கு முன்னாடி வெளிய வர்றதை மீட்டர்ல பார்த்தே ஆகணும். ஒரு ஃப்யூஸ் போட்டு, எர்த் நேரா போக விட்டு, இரும்புப் பெட்டிக்குள்ள மூடி வெச்சேன். நோ-லோட் கரண்ட் 210-லேருந்து 130-க்கு இறங்குச்சு, அந்த உறுமல் போச்சு. அந்தப் பெட்டி இன்னும் இருக்கு, யாராவது ஆம்ப் கொண்டு வந்தா அதுலதான் முதல்ல மாட்டறேன். ஃபிரிட்ஜுக்குப் போடற ஸ்டெபிலைசரை முயற்சி பண்ணேன், ரிலே டக் டக்னு மாறும்போது பாட்டுக்கு நடுவுல ஆம்ப்ல ஒரு தும்மல் வருது, எனக்குப் பிடிக்கல.

புது ட்ரான்ஸ்ஃபார்மர் வந்ததும் சேஸிஸ்ல துளையை ரம்பத்தால பெருசாக்கி மாட்டினேன். ராத்திரி 246-ல ஹீட்டர் 6.4, பி-ப்ளஸ் 432. ரெண்டு மணி நேரம் ஓட்டினதும் பிரைமரி 4.3 ஓம்லேருந்து 4.8. கணக்குப் போட்டா 61 டிகிரி. பழசு 96.

இப்ப பயாஸ். இந்தத் தடவை மத்தியானம் செட் பண்ணல. வோல்டேஜ் உச்சத்துல இருக்கற நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு, ஆம்ப் இருபது நிமிஷம் சூடான பிறகு பண்ணேன். கேத்தோடுல 40 மில்லி வோல்ட், பிளேட்டுக்கு 35 மில்லி ஆம்பியர், 432-ஓட பெருக்கினா 15 வாட், அறுபது சதவீதம். பகல்ல இன்னும் கொஞ்சம் குறையும், குறையட்டும், 33-34 வரைக்கும் இறங்கினாலும் கிராஸ்ஓவர் கரகரப்பு இல்ல. 70 சதவீதம்ங்கறது வரம்பு, போய்ச் சேர வேண்டிய ஊர் இல்ல. நான் 55-லேருந்து 70 வரைக்கும் அஞ்சஞ்சா ஏத்தி கண்ணை மூடி வாசிச்சுப் பார்த்தேன், 60-க்கு மேல என் காதுக்கு வித்தியாசம் தெரியல, ட்யூபுக்குத் தெரியும்.

பயாஸ் பாட் பத்தி ஒரு விஷயம், இது நான் தப்பிச்சது. பழைய வயரிங்ல பாட்டோட நடுக்கால் நேரா கிரிட் சப்ளைக்குப் போகும். ஒரு நாள் பாட் தூசி பிடிச்சு நடுக்கால் ஒரு கணம் தொடர்பு விட்டுச்சு, மைனஸ் வோல்டேஜ் போச்சு, ரெண்டு ட்யூபோட பிளேட்டும் நடுவுல ஆரஞ்சுக் கோடு விட்டு அது அப்படியே பரவறதைக் கண்ணால பார்த்தேன். லைட்டை அணைச்சு வாசிச்சிட்டிருந்ததால உடனே தெரிஞ்சுது, ஸ்டாண்ட்பைல தட்டிட்டேன். நாலஞ்சு செகண்ட் இருக்கும். அப்புறம் வயரிங்கை மாத்தினேன்: சப்ளையிலேருந்து ஒரு ரெசிஸ்டர், அதுலேருந்து கிரிட் பக்கம், அந்த இடத்துலேருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டரும் 25 கே பாட்டும் ரியோஸ்டாட்டா. இப்ப பாட் தொடர்பு விட்டா கிரவுண்ட் பக்கம்தான் அறுந்து போகும், பயாஸ் இன்னும் மைனஸுக்குப் போய் ட்யூப் அடங்கிடும், சவுண்டு செத்துப் போகும், வேற ஒண்ணும் ஆகாது. ஹை வோல்டேஜ் நடு டேப்ல 500 மில்லி ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணும் போட்டேன். மெயின்ஸ் ஃப்யூஸ் இந்த மாதிரி நேரத்துல சீக்கிரம் போகாது, ட்ரான்ஸ்ஃபார்மர்தான் முதல்ல போகும்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு வேற மாதிரி ஆபத்து. அது சூட்டுல சாகறதை விட வோல்டேஜ்ல சாகும். ரிகர்சல்ல ஒரு நண்பன் ஆம்ப் ஓடிட்டிருக்கும்போதே ஸ்பீக்கர் ஒயரை உருவிட்டான், நான் ஒரு கார்டு அடிச்சுட்டேன், உள்ள படார்னு சத்தம். ஸ்பீக்கர் இல்லாம ட்யூப் கரண்ட்டை வெட்டி வெட்டி விடும்போது பிரைமரியில ஆயிரக் கணக்குல வோல்ட் எழும்பும், அது எங்கயாவது தாண்டணும். திறந்து பார்த்தா சாக்கெட்ல 3-ஆம் பின் பிளேட்லேருந்து 2-ஆம் பின் ஹீட்டருக்கு பென்சில் கோடு மாதிரி கரி. சாக்கெட் அந்த இடத்துல தாண்ட விட்டதால ட்ரான்ஸ்ஃபார்மர் தப்பிச்சுது. கரியைச் சுரண்டிட்டு திரும்ப ஓட்டலாம்னு தோணும், ஓட்டாதீங்க, கரி பிடிச்ச இடம் மறுபடி தாண்டும், சாக்கெட்டையே மாத்தினேன், செராமிக்ல. ட்ரான்ஸ்ஃபார்மர் நல்லா இருக்கான்னு பார்க்க, அதைத் தனியா கழட்டி பிளேட் டூ பிளேட் பக்கம் சின்ன 6 வோல்ட் ஏசி குடுத்து 8 ஓம் டேப்ல அளந்தேன். 4000-க்கு 8 ஓம்னா விகிதம் 22.4, அப்ப 0.27 வோல்ட் வரணும், வந்துச்சு. 6 வோல்ட்டை ஸ்பீக்கர் பக்கம் குடுத்துடாதீங்க, அந்தப் பக்கம் 130 வோல்ட்டுக்கு மேல எழும்பி நிக்கும். அதுக்கப்புறம் ஸ்பீக்கர் ஜாக்கை ஷார்ட்டிங் ஜாக்கா மாத்திட்டேன், ஒயர் இல்லாட்டி அது தானா ஷார்ட் ஆயிடும். ட்யூப் ஆம்ப்புக்கு ஷார்ட் ஆனாக் கூட கொஞ்ச நேரம் தாங்கும், திறந்து கிடக்கறது தாங்காது.

இதெல்லாம் படிச்சிட்டு மூடியைத் திறக்கப் போறவங்களுக்கு: பிளக்கைப் புடுங்கினாலும் ஃபில்டர் கப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கும், மணிக்கணக்குல. முதல் கப்பாசிட்டர் மேல 220 கே 3 வாட் ப்ளீடர் நிரந்தரமா சால்டர் பண்ணி வெச்சிருக்கேன், ரெண்டு நிமிஷத்துல இறங்கிடும், அப்பவும் மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன். ஓடும்போது அளக்கணும்னா நெகட்டிவ் ஒயரை சேஸிஸ்ல க்ளிப் பண்ணிட்டு இடது கையை பாக்கெட்ல போட்டுக்கறேன். அப்புறம் சீரீஸ் போர்டு, நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் எல்லார்கிட்டயும் இருக்கற அதே குண்டு பல்பு போர்டு. எந்த வேலை முடிச்சாலும் முதல் தடவை அதுலதான் மாட்டணும். 60 வாட் பல்பு பளிச்சுனு எரிஞ்சு அப்படியே நின்னா எங்கயோ ஷார்ட், எரிஞ்சு மங்கினா பொழைச்சோம். பழைய குண்டு பல்புதான் வேணும், எல்இடி இதுக்கு ஆகாது.

போன வாரம் சர்ச்சுல வாசிக்கற ஒரு தம்பி அவங்க சித்தப்பா அமெரிக்காவுலேருந்து கொண்டு வந்த ஆம்ப் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தான், 120 வோல்ட், ஒரு ஸ்டெப்-டவுன் பெட்டியோட. "அண்ணா, ஒரு மணி நேரம் வாசிச்சா வாசனை வருது, பயாஸ் பார்த்துக் குடுங்க"ன்னான். பின்னாடி தகட்டுல 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் இருக்கு. ஸ்டெப்-டவுன் வோல்டேஜை மட்டும்தான் மாத்தும், சைக்கிளை மாத்தாது, 60-க்கு கட்டினதை 50-ல ஓட்டினா அதே வோல்டேஜுக்கு இரும்புல ஃப்ளக்ஸ் (காந்தம்) இருபது சதவீதம் கூட, அதுக்கு மேல எங்க தெருவோட ராத்திரி 246. அவன்கிட்ட பயாஸை இப்ப தொட மாட்டேன்னு சொல்லிட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை ட்யூப் எல்லாத்தையும் கழட்டி வெச்சுட்டு, சாயங்காலம் ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை நோ-லோட் கரண்ட் அளக்கப் போறேன், அவனும் வர்றேன்னு சொல்லியிருக்கான்.